சிறு காரின் பின்புற ஸ்டெபிலைசர் பார்: ஒரு பரிசீலனை

சிறு கார் ஒன்றை வாங்கிச் சில காலம் ஓட்டிப் பழகியபின், அதை வளைவுகளில் இன்னும் சற்றுச் சுறுசுறுப்பாகத் திருப்ப வேண்டுமென்று விரும்புகிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஏராளமாக உண்டு. அவர்கள் முதன்முதலாகச் செய்யும் மாறுதல்களில் ஒன்று, ஆலையிலிருந்து வந்த பின்புற ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிவிட்டு, வெளிக் கம்பெனி ஒன்று செய்து விற்கும் கனமான கம்பியை அந்த இடத்தில் மாட்டுவது. பின்புறக் கம்பி இல்லாமலே வந்த கார்களில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. அமெரிக்காவில் ‘ஸ்வே பார்’ என்று வழங்கும் இந்தக் கம்பியின் விலை அங்கே பெரும்பாலும் 150 முதல் 300 டாலருக்குள் அடங்கிவிடுகிறது. பல கார்களில் ஒரு பிற்பகலுக்குள் வேலை முடிந்துவிடுகிறது. காரின் உயரமோ தோற்றமோ மாறுவதில்லை. ஆயினும் அன்று மாலையே வண்டியைத் திருப்பும்போது வித்தியாசம் கைக்குத் தெரிகிறது. இத்தனை சொற்பச் செலவில் இத்தனை பெரிய மாறுதலைத் தரும் சாதனம் மோட்டார் உலகில் அபூர்வமாகையால், இதைப் பற்றிய அபிப்பிராயங்களும் தீவிரமாகவே இருக்கின்றன.

முன்சக்கரங்களால் இழுக்கப்படும் சிறு காருக்கு இதைவிடச் சிறந்த அபிவிருத்தி வேறில்லை என்கிறார்கள் ஒரு சாரார். ஈரச் சாலையில் வண்டியின் வால் வீசி விபத்துக்கு உள்ளாக்கும் விபரீத ஏற்பாடு இது என்கிறார்கள் மற்றொரு சாரார். ஆலையில் இருக்கும் நிபுணர்கள் ஆயிரக்கணக்கான மைல்கள் ஓட்டிப் பரீட்சித்து நிர்ணயித்ததை ஒரு கம்பி வியாபாரி திருத்த வேண்டியதில்லை என்கிறார்கள் மூன்றாவது சாரார். மூவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் உண்மைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைகள் எங்கே இருக்கின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்பியின் பூர்வ சரித்திரம்

ஸ்டெபிலைசர் பாருக்கு முதன்முதலாக உரிமைப் பத்திரம் பெற்றவர் கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து பிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர், ஆண்டு 1919. ஆனால் அக்காலத்துக் கார்களுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கட்டை வண்டிக்குரிய விறைப்போடு கூடிய பட்டை வில்கள் தாங்கிய அந்தக் கார்கள், பிரயாணிகளைக் குலுக்கி எடுத்தாலும், வளைவுகளில் அதிகமாகச் சாய்வதில்லை. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்கள் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மிருதுவான சுருள் வில் கொடுத்துச் சவாரியைச் சுகமாக்கியபோதுதான், வளைவில் உடல் பெரிதும் சாயத் தொடங்கிற்று. சாய்வைத் தடுக்கக் கம்பியின் உதவி வேண்டியதாயிற்று. அந்நிறுவனத்தில் பணிபுரிந்த மாரிஸ் ஓலி என்ற பொறியியல் அறிஞர், கார் திரும்பும் விதத்தை அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் என்று இருவகையாகப் பிரித்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர். சக்கரத்தைத் திருப்பியும் கார் போதிய அளவு திரும்பாமல் வளைவின் வெளிப்புறத்தை நோக்கி முகம் விலகுவது முன்னது. திருப்பியதற்கு மேலாகத் திரும்பி, வால் வெளியே வீசுவது பின்னது.

இந்தக் கம்பி ஒரு காரின் சுபாவத்தை எவ்வளவு மாற்றவல்லது என்பதற்கு ஷெவர்லே கார்வேர் காரின் கதை நல்ல உதாரணம். 1960-ஆம் ஆண்டு மாடலாக விற்பனைக்கு வந்த அந்தக் காருக்குப் பின்புறத்தில் எஞ்சின். பின்சக்கரங்கள் ஊசலாடும் அரை அச்சுகளில் அமைந்தவை. வேகமாகத் திருப்பினால் வால் வீசும் குணம் அதற்கு உண்டென்று குற்றம் சாட்டப்பட்டது. 1964-ஆம் ஆண்டு மாடலில்தான் முன்புற ஸ்டெபிலைசர் பார் எல்லாக் கார்களுக்கும் பொதுவாக வழங்கப்பட்டது. பின்புறத்திலும் ஒரு குறுக்கு வில் சேர்ந்தது. மறு வருஷம் வெளிவந்த, கார்களின் பாதுகாப்புக் குறைகளைச் சாடிய ரால்ஃப் நேடரின் நூல் இந்த விஷயத்தை அமெரிக்கா முழுவதும் விவாதிக்க வைத்தது. வால் வீசும் காரை அடக்க முன் அச்சில் கம்பி சேர்த்தார்கள் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. அதே தர்க்கத்தின்படி, முகம் விலகும் காரைத் திருத்த விரும்புகிறவர் பின் அச்சில் கம்பி சேர்க்கிறார்.

வேலை செய்யும் விதம்

கம்பியின் வடிவம் ஏறக்குறையத் தமிழ் ‘ப’ எழுத்தைப் போன்றது. நடுப்பாகம் காரின் குறுக்கே கிடக்கிறது. ரப்பராலோ பாலியூரிதேனாலோ ஆன இரண்டு புஷ்கள் அதை உடலோடு பிணைக்கின்றன. இரு கைகளின் நுனிகளும் சிறு லிங்க் ராடுகள் வழியாக இடவலச் சக்கரங்களின் அங்கங்களோடு சேர்கின்றன. இரண்டு சக்கரமும் ஒருங்கே மேலெழுந்தால் கம்பி புஷ்களுக்குள் சும்மா சுழல்கிறதேயன்றி வேறொன்றும் செய்வதில்லை. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால், அதாவது கார் சாய்ந்தால், ஈரத் துணியைப் பிழிவதைப் போல நடுப்பாகம் முறுக்கப்படுகிறது; உருக்கு அந்த முறுக்கை எதிர்க்கிறது; அந்த எதிர்ப்பே சாய்வைக் குறைக்கிறது.

இந்த எதிர்ப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது என்பதை வாங்குகிறவர்கள் பலர் உணர்வதில்லை. 19 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 22 மில்லிமீட்டர் கம்பி மாட்டினால், கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தான். விறைப்போ ஏறத்தாழ 80 சதவீதம் கூடிவிடுகிறது. நான்காம் படியின் விதி வேறொரு சௌகரியத்தையும் தருகிறது. 24 மில்லிமீட்டர் கம்பியின் நடுவே 16 மில்லிமீட்டர் துளை விட்டுக் குழாயாகச் செய்தால், எடையில் 44 சதவீதம் குறைகிறது, விறைப்பில் குறைவது 20 சதவீதமே. கையின் நீளமும் முக்கியம். அதன் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் விறைப்பு மாறும். ஆகவேதான் விற்பனைக்கு வரும் கம்பிகளின் நுனியில் இரண்டு மூன்று துவாரங்கள் இடுகிறார்கள். லிங்க் ராடை 200 மில்லிமீட்டர் தூரத்துத் துவாரத்திலிருந்து 180 மில்லிமீட்டர் தூரத்துத் துவாரத்துக்கு மாற்றினால், கம்பி ஏறத்தாழ 23 சதவீதம் விறைப்பாகிவிடும்.

கம்பி சாய்வைக் குறைப்பதால் வெளிப்புறச் சக்கரங்களுக்குப் போகும் பாரமும் குறைந்துவிடுகிறது என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வளைவில் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் மொத்தப் பாரம், காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களின் இடைவெளி, திரும்பும் வேகம் ஆகிய நான்கையே பொறுத்தது. கம்பிக்கு அதில் அநேகமாகச் சம்பந்தமில்லை. அந்த மொத்தத்தில் முன் அச்சு எவ்வளவு சுமப்பது, பின் அச்சு எவ்வளவு சுமப்பது என்ற பங்கீட்டை நிர்ணயிப்பதுதான் கம்பியின் அதிகாரம்.

ஒரு கணக்கைப் பார்த்தால் விளங்கும். 1,000 கிலோ எடையுள்ள முன்னிழுப்புக் கார் ஒன்றில் முன் அச்சின் மேல் 620 கிலோவும் பின் அச்சின் மேல் 380 கிலோவும் இருப்பதாகக் கொள்வோம். நல்ல வேகத்தில் திரும்பும்போது மொத்தம் 240 கிலோ வெளிப்பக்கம் மாறுகிறது. இதை இரு அச்சுகளும் சரிபாதியாகச் சுமந்தால், முன் உட்சக்கரத்தில் 190 கிலோ, முன் வெளிச்சக்கரத்தில் 430 கிலோ. பின்னால் முறையே 70, 310. இப்போது கனத்த கம்பி ஒன்றைப் பின்னால் சேர்த்து, பின் அச்சின் பங்கை 65 சதவீதமாக உயர்த்தினால், முன்னால் 226, 394 என்றும், பின்னால் 34, 346 என்றும் பாரம் மாறி அமையும். முன்சக்கரங்களின் ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது. பின்சக்கரங்களின் ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது.

இதனால் என்ன நன்மை என்று கேட்கலாம். விடை டயரின் சுபாவத்தில் இருக்கிறது. டயரின் மேல் பாரம் கூடினால் பிடிப்பும் கூடும். ஆனால் பாரம் இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை, சற்றுக் குறைவாகவே உயர்கிறது. ஆகையால் ஓர் அச்சின் பாரம் இரு டயர்களிலும் சமமாக இருந்தால் மொத்தப் பிடிப்பு அதிகம். ஒரு பக்கமே குவிந்தால் குறைவு. மேலே கண்ட கணக்கில் முன் அச்சு பிடிப்பைச் சற்று மீட்டுக்கொள்கிறது. பின் அச்சு சற்று இழக்கிறது. இழுக்கும் உட்சக்கரத்தின் மேல் பாரம் கூடியதால், வளைவிலிருந்து வெளிவரும்போது அது வீணாகச் சுழல்வதும் குறைகிறது. இந்தப் பரிவர்த்தனையே கம்பியின் முழு ரகசியம். டயருக்கும் சாலைக்கும் இடையே புதிதாகப் பிடிப்பு எதையும் கம்பி சிருஷ்டிப்பதில்லை. பின் அச்சின் சேமிப்பிலிருந்து எடுத்து முன் அச்சின் பற்றாக்குறையை நிரப்புகிறது.

இதற்கு ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். சிறு கார்களின் முன்புறம் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு உடையது; உடல் சாயும்போது அந்த அமைப்பில் வெளிப்புற டயரும் கூடவே சாய்ந்து, தன் அகலம் முழுவதையும் சாலையில் பதிக்காமல் ஓரத்தில் நிற்கிறது. பின்புறக் கம்பி காரின் மொத்தச் சாய்வைக் குறைக்கையில் முன் டயரும் நேராக நிற்பதால், அந்த அளவுக்கு உண்மையான லாபம் உண்டு. மிருதுவான வில்களோடு உயரமாக நிற்கும் கார்களில் இந்த லாபம் அதிகம். ஏற்கெனவே விறைத்துத் தாழ்ந்திருக்கும் கார்களில் சொற்பம்.

ஆலைக்காரர் நோக்கம்

அப்படியானால் ஆலைக்காரரே கனமான கம்பியை மாட்டி அனுப்பலாகாதா? முகம் விலகும் குணத்தை அவர்கள் அறியாமல் விட்டுவிடவில்லை, வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். வளைவில் வேகம் மிஞ்சிப்போனதை உணர்ந்த சாதாரண மனிதர் செய்வது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. எடுத்ததும் பாரம் முன்னே போகிறது, முன் டயர்களின் பிடிப்பு உயர்கிறது, முகம் விலகும் கார் தானாகவே பாதைக்குத் திரும்புகிறது. வால் வீசும் காரில் அதே செய்கை ஆபத்தை வளர்க்கும். அங்கே வேண்டிய எதிர்த்திருப்பம் பயிற்சியால் வருவதேயன்றி இயல்பாய் வருவதில்லை.

சிறு காரின் ஸ்திரத்தன்மையில் ஆலைகள் எத்தனை ஜாக்கிரதையாக இருக்க நேர்கிறது என்பதை 1997-ஆம் ஆண்டு சம்பவம் உலகுக்குக் காட்டிற்று. மெர்ஸிடஸ் நிறுவனத்தின் புதிய ஏ-கிளாஸ் சிறு கார், சுவீடன் பத்திரிகை ஒன்று நடத்திய திடீர் விலகல் பரீட்சையில் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, மின்னணு ஸ்திரக் கட்டுப்பாட்டை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் சேர்க்க நேர்ந்தது. பிற்பாடு அத்தகைய கட்டுப்பாடு அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டு முதல் எல்லாப் பயணிகள் கார்களுக்கும் கட்டாயமாயிற்று.

இந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது கம்பியைப் பற்றிய அச்சம் தேவையில்லை என்று வாதிப்பவர்கள் உண்டு. வாதம் பாதியே சரி. வால் வீசினால் முன் வெளிச்சக்கரத்தைப் பிரேக் பிடித்துக் கட்டுப்பாடு காப்பாற்றும். ஆனால் முகம் விலகினால் அது முக்கியமாக நம்புவது பின் உட்சக்கரத்தின் பிரேக்கை; கனத்த கம்பியால் அந்தச் சக்கரம் தரையை விட்டு எழும்பி நின்றால் பிரேக்குக்குப் பற்றுக்கோடு இல்லை.

அமைப்புக்கு ஏற்ற பலன்

எல்லாச் சிறு கார்களுக்கும் ஒரே தீர்ப்பு பொருந்தாது. பின்புற அமைப்பைப் பொறுத்தே பலாபலன் அமைகிறது.

முதல் வகை, பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்குபவை. அமெரிக்காவில் 1992 முதல் 2000 வரையிலான மாடல்களாக விற்ற ஹோண்டா சிவிக் இதற்கு உதாரணம். அதன் மலிவான ரகங்கள் பலவற்றில் பின்புறக் கம்பி கிடையாது; சிலவற்றில் 13 மில்லிமீட்டர் கம்பி இருந்தது. இளைஞர்கள் அதே நிறுவனத்தின் இன்டெக்ரா டைப் ஆர் காருக்குரிய 22 மில்லிமீட்டர் கம்பியைத் தேடி வாங்கி மாட்டினார்கள். கைகளின் அளவு ஒன்றே என்று கொண்டால், 13-லிருந்து 22-க்குப் போவது விறைப்பை எட்டு மடங்காக்குவதாகும். விளைவு, சில கார்களில் கம்பியைத் தாங்கும் பின்புறத் துணைச்சட்டத்தின் மெல்லிய தகடு கிழிந்தது. அதற்குப் பிறகு வலுவூட்டும் தகட்டையும் கம்பியோடு சேர்த்து விற்கும் வழக்கம் ஏற்பட்டது. கம்பி தாங்கும் விசை உடலின் எந்த இடத்தில் போய் இறங்குகிறது என்று பாராமல் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குவது எத்தனை பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, இரு சக்கரங்களையும் ஒரே முறுக்கு உத்தரம் இணைப்பவை. 1974-இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இந்த அமைப்பைப் பிரசித்தப்படுத்திற்று. இந்தியாவில் ஓடும் ஸ்விஃப்ட் முதலிய சிறு கார்களிலும் இதுவே. முறுக்கிக் கொடுக்கும் அந்த உத்தரமே ஒரு ஸ்டெபிலைசர் பாராக வேலை செய்கிறது; வெளியிலிருந்து வாங்கும் கம்பியை அதன் இரு பக்கத்துக் கைகளிலும் இறுக்கிக் கட்டினால், உத்தரத்தின் விறைப்போடு கம்பியின் விறைப்பும் சேர்ந்துகொள்கிறது. 1976-ஆம் ஆண்டு கோல்ஃப் ஜி.டி.ஐ. காருக்குப் பின்புறத்திலும் கம்பி கொடுத்தார்கள். வளைவில் அது பின் உட்சக்கரத்தைத் தூக்கி மூன்று சக்கரங்களில் திரும்பும் புகைப்படங்கள் பிரபலமானவை. தூக்கிய சக்கரம் தன்னளவில் ஆபத்தன்று. ஆனால் அது எழும்பியதும் பின் அச்சு மாற்றிக் கொடுக்கக்கூடிய பாரம் அனைத்தையும் கொடுத்துத் தீர்த்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு கனத்த கம்பி மாட்டினாலும் பிரயோஜனமில்லை. மிஞ்சிய பாரம் முழுவதும் முன் அச்சின் தலையில்தான் விழும்.

பொருத்தும் முறை

முறுக்கு உத்தரக் காரில் வேலை எளிது. நான்கு போல்ட்டுகளோடு முடிவதும் உண்டு. தனித்தனிச் சக்கர அமைப்பில் புகைக்குழாயையோ, 2001-இல் பி.எம்.டபிள்யூ. வெளியிட்ட மினி காரில் போலப் பின்புறத் துணைச்சட்டத்தையோ சற்று இறக்க நேரும். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் காரை நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பழைய கம்பி முறுக்கேறி நிற்கும், லிங்க் ராடைக் கழற்றும்போது அது விசையோடு தாவும். பாலியூரிதேன் புஷ்களின் உட்புறத்தில் அவற்றுக்கென்று தரும் கிரீஸைத் தாராளமாகத் தடவாவிட்டால் சில வாரங்களில் கிறீச்சிடத் தொடங்கும். போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, கம்பி இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, பிரேக் குழாய்களையும் கைப்பிரேக் கேபிளையும் புகைக்குழாயையும் தொடாமல் இருக்கிறதா என்று சக்கரங்களை ஏற்றி இறக்கிப் பார்த்தபிறகே இறுக்க வேண்டும். லிங்க் ராடின் முனைகள் ரப்பராலானவையாயின், காரின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையில்தான் கடைசி முறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். முறுக்கின் அளவை அந்தக் காரின் கையேட்டிலிருந்து எடுத்து, டார்க் ரெஞ்சால் இறுக்குவதே முறை. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிப்பதும் அவசியம்.

அனுபவஸ்தர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: துவாரங்கள் பலவாயின், நுனித் துவாரத்தில், அதாவது மிக மிருதுவான நிலையில், தொடங்க வேண்டும், நனைந்த சாலையில் அந்த நிலையை அறிந்தபிறகே அடுத்ததை நினைக்க வேண்டும்.

கொடுக்கும் விலையும் மாற்று வழிகளும்

கடையில் கொடுக்கும் விலையைத் தவிர வேறு விலையும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது, கம்பி அந்த அதிர்ச்சியை மறுபக்கத்துக்கும் கொண்டுபோகிறது; உட்கார்ந்திருப்பவரின் தலை இடவலமாக ஆடுகிறது. மேடு பள்ளம் நிறைந்த சாலையில் பின்சக்கரங்கள் தரையோடு ஒட்டி ஓடுவது குறைகிறது. வளைவின் நடுவே காலைச் சட்டென்று எடுத்தால், முன்பு சாதுவாக இருந்த கார் இப்போது வாலை வெளியே நீட்டக்கூடும். ஓடித் தேய்ந்த டயர்கள் பின்னால் இருக்கும்போது மழை பெய்தால் இந்தக் குணம் முழு வேகத்தோடு வெளிப்படும். புது டயர் இரண்டே வாங்கினால் அவற்றைப் பின்னால் மாட்டும்படி டயர் நிறுவனங்கள் சொல்லும் யோசனை, கனத்த கம்பி மாட்டிய காருக்கு இன்னும் பொருந்தும்.

இதே பலனை வேறு வழிகளிலும் பெறலாம் என்பதால், வரிசை முக்கியமாகிறது. நல்ல டயர்கள் இரண்டு அச்சுகளின் நான்கு முனைகளிலும் பிடிப்பை உண்மையாகவே அதிகப்படுத்துபவை. கம்பி பங்கீடு செய்யும், டயர் சம்பாதிக்கும். பின் டயர்களின் காற்றழுத்தத்தைச் சிறிது மாற்றிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. முன்சக்கரங்களின் மேற்புறம் சற்று உட்சாயும்படி அலைன்மென்ட் செய்தால், பின்புறத்திலிருந்து எதையும் பறிக்காமலே முன்னால் பிடிப்பு கூடும். தளர்ந்துபோன ஷாக் அப்சார்பர்களை மாற்றியபின் பழைய குறைகளில் பாதி மறைந்துபோவதும் உண்டு. இவற்றை எல்லாம் முடித்த பிறகும் முகம் விலகும் குறை எஞ்சியிருந்தால், அப்போது கம்பிக்கு நியாயம் பிறக்கிறது.

முன்னிழுப்புக் காருக்குப் பின்புறக் கம்பி பயன்படும் என்பதைப் பந்தய உலகின் வழக்கமும் உறுதி செய்கிறது. அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. சங்கம் கூம்புகளுக்கிடையே ஓட்டும் சோலோ போட்டிகளில், ஏறக்குறைய ஆலையில் வந்தபடியே ஓட வேண்டிய ஸ்ட்ரீட் பிரிவுக் கார்களுக்கு, 2014 முதல் முன்புறக் கம்பியையோ பின்புறக் கம்பியையோ ஏதாவது ஒன்றை மட்டும் மாற்ற அனுமதி தந்தது. முன்னிழுப்புக் கார் வைத்திருப்பவர்கள் பலர் அந்த ஒரு சலுகையைப் பின்புறத்துக்கே பயன்படுத்திக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் அங்கே எதிரில் வாகனம் வருவதில்லை, வால் வீசினால் சாய்வது ரப்பர்க் கூம்பு, ஓட்டுகிறவரும் எதிர்பார்த்தே ஓட்டுகிறார் என்பதை மறந்துவிட்டு, அந்த அனுபவத்தை அப்படியே நெடுஞ்சாலைக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

முடிவுரை

ஆரம்பத்தில் கண்ட மூன்று அபிப்பிராயங்களுக்கும் இப்போது விடை சொல்லலாம். மிருதுவான வில்களும் மெல்லிய பின்புறக் கம்பியும் கொண்ட முன்னிழுப்புச் சிறு காருக்கு, ஆலை அளவைவிட மிதமாகக் கனத்த கம்பி நல்ல பலன் தருவது மெய். அந்தக் காரை ஓட்டுகிறவர் வளைவின் நடுவே காலை எடுக்காத பழக்கமுடையவராக இருக்கும் வரையில் ஆபத்தும் மிகுதியன்று. ஆலைக்காரர் கணக்கு தவறானதன்று. ஆனால் அது யார் ஓட்டினாலும், எந்தச் சாலையில் ஓட்டினாலும், டயர் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பிழையாகாமல் இருக்கப் போட்ட கணக்கு. தன் திறமையையும் தன் சாலைகளையும் தன் டயர்களையும் அறிந்த ஒருவர் அந்தக் கணக்கிலிருந்து சிறிது எடுத்துச் செலவிட உரிமையுள்ளவரே. ஆனால் சிறு கார் என்பது வழக்கமாகக் குடும்பம் முழுவதும் ஓட்டும் கார். கம்பியின் துவாரத்தைத் தேர்ந்தெடுப்பவர், தமக்குப் பின் சாவியை எடுத்துக்கொண்டு மழையில் புறப்படப் போகிறவரின் பழக்கத்தை அளவுகோலாகக் கொள்வதே தர்மம்.